நெருக்கமான அமெரிக்க இடைத்தேர்தல்: எதிர்பார்ப்பைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

2017 ஜூன் 20 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களைக் கொண்ட ஜார்ஜியா 6வது தொகுதியில் இரு தரப்பும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருந்தன. பிரதிநிதிகள் சபை வரலாற்றில் அதுவரை அவ்வளவு செலவான தேர்தல் கிடையாது. இன்னொன்று தென் கரோலினா 5வது தொகுதி. அதைத் தேசிய ஊடகங்கள் ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை.

ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃப் சுமார் 3.6 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். தென் கரோலினாவில் அதே கட்சியின் ஆர்ச்சி பார்னெல் சுமார் 3.1 புள்ளியில் தோற்றார். ஏழு மாதத்துக்கு முன் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஜார்ஜியா தொகுதியை ஒன்றரைப் புள்ளியில்தான் ஜெயித்திருந்தார். தென் கரோலினா தொகுதியையோ 18 புள்ளிக்கு மேல். எது பெரிய செய்தி? அன்று ராத்திரி யாரும் தென் கரோலினாவைப் பற்றிப் பேசவில்லை. ஜார்ஜியாவுக்காக வீடு வீடாக நடந்தவர்களும், பத்து டாலர், இருபது டாலர் என்று அனுப்பியவர்களும் உடைந்துபோனார்கள்.

தொகுதி கைக்கு வந்ததா, போனதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வித்தியாசத்தில் என்பது வேறு கேள்வி. இரண்டையும் தேர்தலுக்கு முன்பே பிரித்து எழுதி வைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் கெடாது, மறுநாள் தப்பான முடிவுக்கும் போக மாட்டோம். பிரசாரத்தில் தொண்டராக இருப்பவர்கள், நன்கொடை தருபவர்கள், வெறுமனே ஆர்வத்தில் பின்தொடர்பவர்கள் என எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்காரர் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: முதலில் விதியைப் படியுங்கள்

பிரதிநிதிகள் சபையில் ஓர் இடம் காலியானால் மாநில ஆளுநர் யாரையும் நியமிக்க முடியாது, தேர்தல்தான். அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. (செனட்டில் பல மாநிலங்களில் தற்காலிக நியமனம் உண்டு.) ஆனால் தேர்தல் எப்படி நடக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எதிர்பார்ப்பு சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஜார்ஜியாவில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்பார்கள். யாருக்கும் 50 சதவீதம் தாண்டவில்லை என்றால் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று. பென்சில்வேனியாவில் ஒரே சுற்று. யாருக்கு ஓட்டு அதிகமோ அவர்தான். அலாஸ்காவில் வாக்காளர்கள் 1, 2, 3 என்று போடும் விருப்பவரிசைப்படி எண்ணுவார்கள். 2022 ஆகஸ்ட் 16 அன்று அங்கே ஓட்டுப் பதிவானது. மேரி பெல்டோலா சாரா பேலினைத் தோற்கடித்தார் என்று தெரிய ஆகஸ்ட் 31 ஆனது. அந்த இரண்டு வாரமும் ‘என்னமோ நடக்குது’ என்று பதறியவர்களுக்கு விதி தெரியாது, அவ்வளவுதான்.

ஆக, நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை சுற்று? தபால் ஓட்டு தேர்தல் நாளைக்குள் வந்து சேர வேண்டுமா, அன்று தபாலில் சேர்த்தாலே போதுமா? அடையாளச் சிக்கலால் தனியே எடுத்து வைக்கும் தற்காலிக ஓட்டுகளை எப்போது எண்ணுவார்கள்? வித்தியாசம் எவ்வளவுக்குள் இருந்தால் தானாக மறு எண்ணிக்கை? நாலும் மாநிலத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும்.

அப்புறம், நம்மூர் இடைத்தேர்தல் அனுபவத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சிக்குத்தான் என்று பழகிப்போயிருக்கிறோம். 2017 ஆர்.கே. நகர் போன்ற விதிவிலக்குகள் அபூர்வம் என்பதால்தான் இன்னும் பேசப்படுகின்றன. அமெரிக்காவில் வழக்கம் நேர்மாறானது. வெள்ளை மாளிகையில் இருக்கும் கட்சி பெரும்பாலும் சறுக்கும். கோபமாக இருப்பவர்தான் தனியாக ஒரு செவ்வாய்க்கிழமை வண்டியெடுத்துப் போய் ஓட்டுப் போடுகிறார். நிம்மதியாக இருப்பவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

படி 2: அடிப்படை எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் தொகுதி வழக்கமாக எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது? அதுதான் அடிப்படை எண். சுலபமாகத் தெரிந்தாலும் விளையாட்டெல்லாம் நடப்பது இங்கேதான்.

ஜார்ஜியா 6ஐயே பாருங்கள். 2012இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ராம்னி அங்கே 23 புள்ளியில் ஜெயித்தார். 2016இல் அதே தொகுதியில் டிரம்புக்குக் கிடைத்தது ஒன்றரைப் புள்ளி. அதே நாளில் அதே வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதி டாம் பிரைஸை 23 புள்ளியில் ஜெயிக்கவைத்தார்கள். அடிப்படை 23 என்றால் ஆசாஃபின் தோல்வி மாபெரும் சாதனை. ஒன்றரை என்றால், குடியரசுக் கட்சியின் கேரன் ஹேண்டல் டிரம்பைவிட நன்றாகவே செய்திருக்கிறார். தேர்தல் முடிந்த மறுநாள் ஒரு கட்சி முதல் எண்ணையும் இன்னொரு கட்சி இரண்டாவது எண்ணையும் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிகளில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கடைசி ஜனாதிபதித் தேர்தலின் வித்தியாசத்தை முதன்மையாக வைத்து, அதற்கு முந்தையதைக் கொஞ்சம் கலந்துகொள்வதுதான் என் வழக்கம். போன உறுப்பினரின் வெற்றி வித்தியாசத்தைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடுவேன். பல வருடம் பதவியில் இருந்தவருக்குக் கிடைக்கும் ஓட்டில் அவருடைய சொந்தச் செல்வாக்கும் எதிராளியின் பலவீனமும் கலந்திருக்கும். பென்சில்வேனியா 18இல் டிம் மர்ஃபியை 2014இலும் 2016இலும் யாரும் எதிர்க்கவே இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதைவிட, எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். முடிவு வந்தபின் தேர்ந்தெடுக்கும் அடிப்படை எண் எப்போதுமே நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

படி 3: அந்தக் காலத்துக் காற்றைச் சேருங்கள்

ஒரே காலகட்டத்தில் நடந்த மற்ற இடைத்தேர்தல்கள் அடிப்படை எண்ணிலிருந்து எவ்வளவு விலகின என்று பாருங்கள். 2017-18இல் வரிசையாக வந்த முடிவுகள் இவை: கன்சாஸ் 4, டிரம்புக்கு 27 புள்ளி சாய்ந்த தொகுதி, குடியரசுக் கட்சி ஆறேழு புள்ளியில் தப்பியது. மொன்டானா, 20இலிருந்து 6க்கு வந்தது. அரிசோனா 8, 21இலிருந்து 5க்கு. பென்சில்வேனியா 18, சுமார் 20 புள்ளித் தொகுதி, ஜனநாயகக் கட்சியின் கானர் லேம்ப் 755 ஓட்டில் ஜெயித்தார். ஓஹியோ 12, 11இலிருந்து ஒரு புள்ளிக்கும் கீழே. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ‘தோத்துட்டோம், தோத்துட்டோம், தோத்துட்டோம், ஜெயிச்சோம், தோத்துட்டோம்’. வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கதை. 2018 நவம்பர் பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 40 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து சபையைக் கைப்பற்றியது.

சரி, இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 டிசம்பர் 2, டென்னசி 7வது தொகுதி. 2024இல் டிரம்புக்கு 22 புள்ளி. அதற்கு முன் அந்த ஆண்டில் நடந்த இடைத்தேர்தல்களைப் பாருங்கள். ஃபுளோரிடா 6இல் 30 புள்ளி 14 ஆனது, அதாவது 16 புள்ளி நகர்வு. ஃபுளோரிடா 1இல் 20ஐத் தாண்டிய நகர்வு. வர்ஜீனியா 11, அரிசோனா 7 இரண்டும் ஏற்கனவே ஜனநாயகக் கட்சித் தொகுதிகள். அங்கேயும் சுமார் 16, 17 புள்ளி அதே பக்கம் நகர்ந்தன. 22இலிருந்து 16ஐக் கழித்தால் குடியரசுக் கட்சி 6 புள்ளியில் ஜெயிக்க வேண்டும். ஆனால் டென்னசியில் அந்தக் கட்சி கடைசி வாரங்களில் பயந்துபோய்ப் பணத்தையும் ஆட்களையும் இறக்கியது. அதற்குக் கொஞ்சம் கூட்டினால் 6க்கும் 10க்கும் நடுவில் எங்கோ. முடிவு: குடியரசுக் கட்சியின் மேட் வான் எப்ஸ் சுமார் 9 புள்ளியில் ஜெயித்தார். மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது.

பலர் எதிர்பார்த்ததோ வேறு. தேர்தலுக்குச் சில நாள் முன் வந்த எமர்சன் கருத்துக்கணிப்பு இடைவெளி 2 புள்ளிதான் என்றது. அதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு 9 என்பது ஏமாற்றம். 22ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு 13 புள்ளி நகர்வு.

படி 4: கருத்துக்கணிப்புக்கு உரிய இடம்

நெருக்கமான தேர்தலில் கருத்துக்கணிப்பு யார் ஜெயிப்பார் என்று சொல்லாது. ‘நெருக்கம்’ என்று சொல்லும், அதோடு சரி. 500 பேரிடம் கேட்டால் ஒவ்வொருவரின் சதவீதத்திலும் நாலு புள்ளிக்கு மேல் பிழை இருக்கலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. ‘2 புள்ளி பின்தங்கியிருக்கிறார்’ என்றால் 6 முன்னிலையாகவும் இருக்கலாம், 10 பின்னடைவாகவும் இருக்கலாம். இதுகூடச் சரியான ஆட்களிடம் கேட்டிருந்தால்தான். இடைத்தேர்தலில் யார் ஓட்டுப் போட வருவார்கள் என்று யூகிப்பதே பெரிய வேலை.

2017 ஜூனில் அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன் நாளிதழின் கணிப்பு ஆசாஃபுக்கு 7 புள்ளி முன்னிலை தந்தது, அவர் தோற்றார். 2022 ஆகஸ்டில் நியூயார்க் 19இல் கணிப்புகள் குடியரசுக் கட்சியின் மார்க் மொலினாரோ பக்கம் இருந்தன. கருக்கலைப்பு உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டே மாதம். அதையே பிரசாரமாக்கிய ஜனநாயகக் கட்சியின் பேட் ரயன் சுமார் 2 புள்ளியில் ஜெயித்தார். தவறு இரண்டு பக்கமும் நடக்கும்.

பிரசாரக் குழுவே எடுத்து வெளியிடும் கணிப்பை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பின்தங்கியவர் ‘ஒரு புள்ளிதான் இடைவெளி’ என்று வெளியிட்டால் நன்கொடை வரும். முன்னிலையில் இருப்பவர் ‘ஆபத்து’ என்று கசியவிட்டால் தூங்குகிற சொந்தக் கட்சி எழுந்துகொள்ளும். அந்தத் தாளில் இருக்கும் எண்ணைவிட, அதை ஏன் இன்றைக்கு வெளியே விட்டார்கள் என்பதுதான் தகவல்.

படி 5: மூன்று எண்களை எழுதித் தேதி போடுங்கள்

ஓட்டு எண்ணும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். முதலாவது, இதற்குக் கீழே போனால் உண்மையிலேயே ஏதோ தவறு. இரண்டாவது, நடக்க அதிக வாய்ப்புள்ளது. மூன்றாவது, இது நடந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி. டென்னசி உதாரணத்தில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர் 15 புள்ளித் தோல்வி, 8 புள்ளித் தோல்வி, 3 புள்ளித் தோல்வி என்று எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். வெற்றி அந்தத் தாளில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஆள் தோற்பார் என்று எழுதக் கை வராது. ஆனால் எழுதினால்தான் பயன்.

குடியரசுக் கட்சி ஆதரவாளருக்கும் இதே தாள்தான், திருப்பிப் போட்டது. ‘ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன’ என்று 22 புள்ளித் தொகுதியில் 9 புள்ளி வெற்றியைக் கொண்டாடுவதும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதுதான்.

உண்மையிலேயே ஐம்பதுக்கு ஐம்பது என்றால், கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: ஜெயித்தால் மறுநாள் காலை என்ன செய்வேன், தோற்றால் என்ன செய்வேன். எந்தக் கூட்டத்துக்குப் போவேன், யாரை அழைப்பேன் என்ற அளவுக்குச் சின்னதாக இருந்தாலே போதும்.

படி 6: மற்றவர்களிடம் என்ன சொல்வது

சொந்த எதிர்பார்ப்பை அடக்குவது பாதி வேலைதான். நாலு பேரை அழைத்து வந்த தொண்டர் ஒருங்கிணைப்பாளராக நீங்கள் இருந்தால் அந்த நாலு பேரின் எதிர்பார்ப்பும் உங்கள் பொறுப்பு.

இதில் ஜார்ஜியா 6இன் முதல் சுற்று ஒரு பாடம். 2017 ஏப்ரல் 18, மொத்தம் 18 வேட்பாளர்கள். ஆசாஃபுக்கு 48.1 சதவீதம். இரண்டாம் இடம் வந்த ஹேண்டலுக்கு 20கூட இல்லை. நாற்பது வருடமாகக் குடியரசுக் கட்சி வைத்திருந்த தொகுதியில் முப்பது வயதுப் புதுமுகம் ஒருவருக்கு இது எப்பேர்ப்பட்ட முடிவு! ஆனால் ‘முதல் சுற்றிலேயே 50ஐத் தாண்டி முடித்துவிடலாம்’ என்ற பேச்சு அதற்குள் எல்லா இடத்திலும் பரவியிருந்தது. மறுநாள் செய்தி: ‘நூலிழையில் தவறவிட்டார்’. தாங்களே தூக்கிப் பிடித்த எல்லைக்கோடு தங்கள் தலையிலேயே விழுந்தது.

இன்னொன்றையும் அந்த முதல் சுற்று சொல்லியிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் அத்தனை பேரின் ஓட்டையும் கூட்டினால் சுமார் 49. குடியரசுக் கட்சிக்காரர்களின் கூட்டுத்தொகை சுமார் 51. இரண்டு மாதமும் பல கோடி டாலரும் கழித்து வந்த இறுதி முடிவு 48.2க்கு 51.8. எல்லோரும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கும் மாநிலங்களில் முதல் சுற்று முடிந்த ராத்திரியே இந்தக் கூட்டலைச் செய்துவிடுங்கள்.

‘நம்பிக்கை கொடுக்காவிட்டால் பணமும் வராது, ஆளும் வராது’ என்று பிரசாரக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘இன்னிக்கு ராத்திரி 12 மணிக்குள்ள 5 டாலர், இல்லன்னா எல்லாம் போச்சு’ ரக மின்னஞ்சல் ஒரு முறை வேலை செய்யும், இரண்டு முறை செய்யும். தேர்தல் முடிந்ததும் அந்த நன்கொடையாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். அவர் அடுத்த நவம்பருக்குத் தேவைப்படுபவர்.

தொண்டர்களுக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

“இந்தத் தொகுதி போன முறை 20 புள்ளி எதிர்ப்பக்கம் சாய்ந்தது. நாம் ஜெயிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தோற்க வாய்ப்பு அதைவிட அதிகம். 10 புள்ளிக்குள் கொண்டுவந்தாலே பக்கத்துத் தொகுதிக்காரர்கள் கணக்கை மாற்றிப் போடுவார்கள். சனிக்கிழமை காலை 9 மணிக்கு இந்தத் தெருவில் 40 கதவுகள் இருக்கின்றன. வர முடியுமா?”

‘வாய்ப்பு உண்டு’ என்பதும் ‘அதைவிட அதிகம்’ என்பதும் ஒரே மூச்சில் வர வேண்டும். தோல்வியை மட்டும் சொன்னால் ஆள் வரமாட்டார். வெற்றியை மட்டும் சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்.

எதிர்பார்ப்பை வேண்டுமென்றே தாழ்த்துவதும் ஒரு வித்தைதான், அதையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். முன்னிலையில் இருக்கும் தரப்பின் ஆட்கள் பேட்டியில் ‘மிகக் கடினமான தொகுதி, மழை வேறு, ஆட்கள் வருவார்களா தெரியவில்லை’ என்று புலம்ப ஆரம்பித்தால், சாதாரண வெற்றியை மறுநாள் வீர வெற்றியாக விற்கக் கடை விரிக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் சில சமயம் பனி உண்மையிலேயே பெய்யும். 2024 பிப்ரவரி 13, பதவி பறிக்கப்பட்ட ஜார்ஜ் சாண்டோஸின் நியூயார்க் 3வது தொகுதியில் தேர்தல் நாளன்றே பனிப்புயல். முன்கூட்டியே ஓட்டுப் போட்டு முடித்திருந்தவர்களில் ஜனநாயகக் கட்சியின் டாம் சுவாசியின் ஆதரவாளர்கள் அதிகம். நெருக்கமான போட்டி என்று பேசப்பட்ட தேர்தலில் அவர் சுமார் 8 புள்ளியில் ஜெயித்தார்.

சென்னையிலிருந்து ‘என்ன மாமா, உங்க ஆளு ஜெயிச்சுடுவாரா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். ‘கஷ்டம்தாம்பா, ஆனா எவ்வளவுல தோக்குறாருன்னு பாரு’ என்றால் போதும்.

படி 7: எண்ணும் ராத்திரி

முதலில் வரும் எண்ணை நம்பாதீர்கள். ஏப்ரல் 18 ராத்திரி ஆசாஃப் ஆரம்பத்தில் 50ஐ வெகுவாகத் தாண்டி நின்றார். முன்கூட்டியே போடப்பட்ட ஓட்டுகள் முதலில் வந்ததுதான் காரணம். தேர்தல் நாள் ஓட்டுகள் சேரச் சேர இறங்கிக்கொண்டே வந்தார். நடுவில் ஃபுல்டன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மெமரி கார்டு சிக்கலால் எண்ணிக்கை தாமதமாக, சதி என்ற பேச்சும் கிளம்பியது. சில மாநிலங்களில் வரிசை தலைகீழாக இருக்கும். தேர்தல் நாள் ஓட்டு முதலில், தபால் ஓட்டு கடைசியில். படி 1இல் குறித்துவைத்ததை இப்போது எடுத்துப் பாருங்கள்.

தொலைக்காட்சியின் ஓரத்தில் ஓடும் ‘80 சதவீதம் எண்ணப்பட்டது’ என்பதும் பெரிதாக உதவாது. மீதி 20 எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. தொகுதி எந்தெந்தக் கவுண்டிகளில் பரவியிருக்கிறது, போன தேர்தலில் ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் பக்கத்தில் இருந்தால், வர்ணனையாளர் கத்துவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மொன்டானாவில் 2017 மே மாதம் தேர்தலுக்கு முந்தைய நாள் குடியரசுக் கட்சி வேட்பாளர் கிரெக் ஜியான்ஃபோர்டே ஒரு பத்திரிகையாளரைத் தரையில் வீழ்த்தினார். ‘இதோட முடிஞ்சது’ என்றார்கள் பலர். பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் அதற்குள் தபாலில் போய்ச் சேர்ந்திருந்தன. ஜெயித்துவிட்டார். கடைசி நேரப் பரபரப்புக்கு மதிப்புப் போடும் முன், ஓட்டுப் போட எத்தனை பேர் மிச்சம் என்று கேளுங்கள்.

படி 8: முடிவு தெரியாத நாட்கள்

நெருக்கமான தேர்தல் அன்றே முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த நாட்களில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை, ஒரு வகுத்தல் கணக்கு.

ஓஹியோ 12, 2018 ஆகஸ்ட் 7. ராத்திரி முடிவில் குடியரசுக் கட்சியின் ட்ராய் பால்டர்சன் 1,754 ஓட்டு முன்னிலை. அவர் ஜெயித்துவிட்டதாகவே டிரம்ப் ட்வீட் போட்டுவிட்டார். ஜனநாயகக் கட்சியின் டேனி ஓ’கானர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தவை அதிகபட்சம் 8,483 ஓட்டுகள்: 3,435 தற்காலிக ஓட்டுகள், 5,048 தபால் ஓட்டுகள். கணக்கைப் பாருங்கள். 8,483ஓடு 1,754ஐக் கூட்டி இரண்டால் வகுத்தால் சுமார் 5,119. அத்தனை ஓட்டும் வந்து, அத்தனையும் செல்லுபடியானால்கூட ஓ’கானருக்கு அவற்றில் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கொலம்பஸ் நகரம் உள்ள ஃபிராங்க்ளின் கவுண்டியில் அவருக்கு 65 சதவீதம் கிடைத்திருந்தது. ஆனால் மிச்ச ஓட்டு அங்கே மட்டும் இல்லை, தொகுதி முழுவதும் சிதறிக் கிடந்தது. தொகுதி முழுவதுக்கும் அவருக்குக் கிடைத்தது 50க்கும் கீழே. முடியாதது என்று சொல்ல முடியாது, ஆனால் மிகக் கடினம்.

மறுநாள் ஃபிராங்க்ளினில் எண்ணாமல் விடுபட்ட 588 ஓட்டுகள் கிடைத்தன. ஓ’கானருக்கு நிகரமாக 190 கூடியது. முன்னிலை 1,564 ஆனது. ஆதரவாளர்களிடம் மறுபடி உற்சாகம். திரும்ப வகுத்தால் தேவை 59 சதவீதம். அதாவது 190 ஓட்டு மாற்றியது ஒரு புள்ளி. ஆகஸ்ட் 24 அன்று இறுதி எண் வந்தது: பால்டர்சன் 1,680இல் வெற்றி. ஓஹியோவில் அரைப் புள்ளிக்குள் இருந்தால்தான் தானாக மறு எண்ணிக்கை, இது 0.8 புள்ளி. கதை அத்தோடு முடிந்தது.

தோல்வியை ஒப்புக்கொள்வது மரியாதைதான், சட்டம் ஒன்றும் இல்லை. பென்சில்வேனியாவில் தோற்ற ரிக் சக்கோன் எட்டு நாள் கழித்துத்தான் லேம்பை அழைத்தார். நியூயார்க் 20இல் 2009 மார்ச் 31 அன்று ஓட்டுப் பதிவு. முதல் ராத்திரி வித்தியாசம் நூறுகூட இல்லை. முன்னிலை கை மாறியது, தபால் ஓட்டுகளை எண்ணி, தோற்றவர் ஒப்புக்கொள்ள ஏப்ரல் 24 ஆயிற்று. வட கரோலினா 9 எல்லாவற்றையும் மிஞ்சியது. 2018 நவம்பரில் 905 ஓட்டு முன்னிலை பெற்ற மார்க் ஹாரிஸுக்கு, தபால் ஓட்டு மோசடி வெளிவந்ததால் சான்றிதழே கிடைக்கவில்லை. 2019 செப்டம்பரில் புதிய தேர்தலே நடந்தது. சான்றிதழ் வரும்வரை ‘இப்போதைக்கு முன்னிலை’ என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். எதிராளிக்கும் அதே சொற்கள்.

படி 9: ஒரு தொகுதியிலிருந்து நாட்டைப் படிக்காதீர்கள்

முடிவு வந்த ஒரு மணி நேரத்தில் ‘அடுத்த நவம்பரில் அலை’ என்று கட்டுரை வந்துவிடும். 2017-18இல் அது பலித்தது. 2009-10இல்? நியூயார்க் 20, நியூயார்க் 23, 2010 மே மாதம் பென்சில்வேனியா 12 என்று கவனம் பெற்ற சபை இடைத்தேர்தல்கள் பலவற்றை ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. அதே நவம்பரில் 63 இடங்களைப் பறிகொடுத்தது. 2020 மேயில் கலிஃபோர்னியா 25இல் குடியரசுக் கட்சியின் மைக் கார்சியா சுமார் 10 புள்ளியில் ஜெயித்தார்; ஆறு மாதம் கழித்து அதே எதிராளியிடம் 333 ஓட்டில் தப்பினார். 2023-24இல் இடைத்தேர்தல்களில் ஜனநாயகக் கட்சி தொடர்ந்து நன்றாகச் செய்தும் 2024இல் வெள்ளை மாளிகையை இழந்தது. இப்போதெல்லாம் தவறாமல் ஓட்டுப் போடும் கல்லூரி படித்த வாக்காளர்கள் அந்தப் பக்கம் நகர்ந்திருப்பதால், ஆள் குறைவாக வரும் தேர்தல்களில் அவர்களுக்கு இயல்பாகவே ஒரு கூடுதல் இருக்கிறது. நவம்பரில் எல்லோரும் வரும்போது அது கரைந்துவிடும். ஐந்தாறு இடைத்தேர்தல்களின் சராசரிக்குக் காது கொடுக்கலாம். ஒன்றே ஒன்றை வைத்து ஆரூடம் சொல்பவரிடம் நகர்ந்து போய்விடலாம்.

அந்த இடத்தின் ஆயுளையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேம்ப் ஜெயிப்பதற்கு முன்பே மாநில உச்ச நீதிமன்றம் தொகுதி வரைபடத்தை மாற்றிவிட்டது. அவர் அந்த நவம்பரிலேயே வேறொரு தொகுதியில் நின்று ஜெயித்தார். 2022இல் ரயனும் அப்படித்தான்: ஆகஸ்டில் 19இல் வெற்றி, நவம்பரில் 18க்கு மாறி வெற்றி. ஆகஸ்டில் அவரிடம் தோற்ற மொலினாரோ நவம்பரில் புதிய 19இல் ஜெயித்து அதே சபைக்குப் போனார். இரண்டு பேரின் தொண்டர்களும் ஆகஸ்ட் ராத்திரி ஆடிய ஆட்டத்துக்கும் அழுத அழுகைக்கும் ஆயுள் மூன்று மாதம்கூட இல்லை.

ஜார்ஜியா 6இல் ஹேண்டல் அடுத்த ஆண்டே லூசி மெக்பாத்திடம் ஒரு புள்ளியில் தோற்றார். ஆசாஃப் 2021இல் செனட்டரானார். ஓஹியோவில் ஓ’கானர் நவம்பரில் மறுபடி பால்டர்சனுடன் மோதி, இந்த முறை 4 புள்ளியில் தோற்றார். ஆகவே முடிவு வந்த வாரமே மூன்று எண்கள் எழுதிய தாளை எடுத்து, உண்மையில் வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நன்கொடை தந்தவர்களுக்கும் கதவு தட்டியவர்களுக்கும் இரண்டு எண்களையும் காட்டி நாலு வரி அனுப்புங்கள். நவம்பருக்கு யார் யார் வருவார்கள் என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம்.